ஆலைக்கும் பிறந்தநாள் உண்டு

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நீங்க முப்பது வருஷம் ஆலைகள்ல பெர்சனல் ஆபீசரா இருந்தவர், தொழிலாளர் சம்பந்தமா ஏதாவது பேசுங்க, ஆனா சாப்பாட்டு நேரத்துக்குள்ள முடிச்சிடுங்க" என்று செயலாளர் சொன்னார். இரண்டாவது நிபந்தனைதான் கஷ்டமானது. இன்று நம் கல்லூரி தன் பழைய பிள்ளைகளைக் கூப்பிட்டு விழா எடுக்கிறது. ஒரு ஆலை தன் ஆண்டு விழாவை எப்படிக் கொண்டாடுகிறது, அதில் வேலை செய்கிறவனுக்கு என்ன இடம் என்பதைப் பேசினால் பொருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன்.

நான் பொன்மலையில் பிறந்தவன். அப்பா அங்கே ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். நாங்கள் கல்லூரிக்கு வந்ததும் அந்த ரயிலில்தான். திருவெறும்பூர், பூதலூர், ஆலக்குடி என்று நின்று நின்று வரும் பாசஞ்சர். ஜன்னலுக்கு வெளியே குறுவை அறுத்த வயல், நாற்றங்கால், தாளடி நடவு என்று மாறிக்கொண்டே இருக்கும். பெட்டிக்குள் பாதிப் பேர் விவசாயிகளின் பிள்ளைகள், மீதிப் பேர் ரயில்வேக்காரர் பிள்ளைகள். அவர்களுக்கு வருஷம் என்றால் மேட்டூர் திறப்பது, அடைப்பது. எங்களுக்கு வருஷம் என்றால் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை.

வெளியூர்ப் பிள்ளைகளுக்கு அது புரியாது. பொன்மலையில் நேரம் என்பதே ஒர்க்‌ஷாப் சங்குதான். சங்கு ஊதினால் அடுப்பில் உலை வைக்க வேண்டும், சங்கு ஊதினால் பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டும். ஆனால் அந்தச் சங்கு எங்கே இருக்கிறது, அப்பா சுவருக்கு அந்தப் பக்கம் என்ன செய்கிறார் என்பது எங்களுக்குத் தெரியாது. காலையில் ஒரு கேட் அவரை விழுங்கும், சாயங்காலம் கரியும் எண்ணெயுமாக வெளியே விடும். வருஷத்தில் ஒரு நாள் மட்டும் அந்த கேட் எங்களுக்கும் திறக்கும்.

முதல்முறை போனபோது எனக்கு எட்டு வயது இருக்கும். முந்தின நாளே எல்லா லேத்தையும் துடைத்து, கழிவுப் பஞ்சும் மண்ணெண்ணெயும் போட்டுப் பளபளப்பாக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். பூசணிக்காய் உடைத்த சிவப்பு வழியெல்லாம் கிடந்தது. பொரி, கடலை, வெல்லம், சுண்டல் எந்த ஷாப்புக்குப் போனாலும் கை நிறைய. அப்பாவின் பக்கத்து பெஞ்சில் வேலை பார்த்த பாய் மாமா தன் வைஸுக்குத் தானே மாலை போட்டு, எங்களுக்குப் பொரி அள்ளிக் கொடுத்தார். தொழிலுக்குச் செய்யும் மரியாதை என்பதால் அன்றைக்கு மதம் யாருக்கும் குறுக்கே வரவில்லை.

எரெக்டிங் ஷாப்பில் ஒரு நீராவி எஞ்சினைக் கிரேன் அப்படியே தூக்கி அந்தரத்தில் நிறுத்தியிருந்தது. அதற்குக் கீழே வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். என் அம்மா எஞ்சினைப் பார்க்கவில்லை. அப்பா நிற்கும் இடத்தை, கீழே இருந்த சிமென்ட் தரையை, மேலே இருந்த தகரக் கூரையைப் பார்த்தார். "இங்கதான் நிக்கிறீங்களா, இவ்வளவு நேரமும்?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு அப்பா வீட்டுக்கு வந்தவுடன் காலுக்கு வெந்நீர் வைப்பது எங்கள் வீட்டில் வழக்கமாயிற்று. ஒரு ஆலை விழாவால் விளைந்த பலன் என்று என்னைக் கேட்டால் முதலில் அந்த வெந்நீரைத்தான் சொல்வேன்.

அப்பாவிடம் பித்தளையில் ஒரு டோக்கன் உண்டு. அதில் நம்பர் மட்டும் இருக்கும். உள்ளே போகும்போது அதைக் காட்ட வேண்டும். "வருஷம் முழுக்க நான் அங்க நம்பர்தான்டா. இந்த ஒரு நாள்தான் நம்பர் போயி பேரு வரும். இன்னாரோட சம்சாரம், இன்னாரோட மகன்னு அன்னிக்குத்தான் எல்லாரும் பாப்பாங்க" என்பார். இந்த வார்த்தையைக் கொஞ்சம் ஞாபகத்தில் வையுங்கள். கடைசியில் இதற்கே திரும்பி வருவேன்.

சரி, பொன்மலை ஒர்க்‌ஷாப்புக்கு உண்மையான பிறந்தநாள் எது? இங்கேதான் தஞ்சை மாவட்டத்துக்காரர்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். அந்த ஒர்க்‌ஷாப் முதலில் நம்முடையது. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே கம்பெனி நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் விட்டது 1861-இல். அடுத்த ஆண்டே அது திருச்சியைத் தொட்டது. 1874-இல் அந்தக் கம்பெனி தென்னிந்திய ரயில்வே ஆனது. எஞ்சினையும் பெட்டியையும் பழுதுபார்க்கும் பட்டறை நாகப்பட்டினத்தில், கடற்கரை ஊரில் இருந்தது. நாகை, வெளிப்பாளையம், நாகூர்ப் பக்கத்து எத்தனையோ குடும்பங்களுக்கு அடுப்பு எரிந்தது அந்தப் பட்டறையால்.

பிறகு கம்பெனி தன் பட்டறைகளை ஒரே இடத்தில் பெரிதாகக் கட்ட முடிவு செய்தது. நிர்வாகத் தலைமையிடம் திருச்சியில், பாதைகள் கூடுவதும் அங்கே. ஆகவே பொன்மலையைத் தேர்ந்தெடுத்தார்கள். 1926 வாக்கில் வேலை தொடங்கி 1928-இல் அது இயங்கும் பட்டறையாயிற்று. அதையொட்டி ஆட்குறைப்பும் வந்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வீட்டுக்கு அனுப்பப் போவதாக அறிவித்தார்கள். யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று தீர்மானிக்கத் திறமைப் பரீட்சை. இருபது வருஷம் சுத்தியல் பிடித்தவனைக் கூப்பிட்டு, "உனக்கு வேலை தெரியுமா என்று காட்டு" என்றால் அவன் மனம் என்ன பாடுபடும்! 1928 ஜூலையில் தென்னிந்திய ரயில்வே முழுக்க வேலைநிறுத்தம். நாகப்பட்டினம், போத்தனூர், பொன்மலை மூன்று இடத்துத் தொழிலாளர்களும் அதில் நின்றார்கள். போராட்டம் சில நாட்களில் ஒடுக்கப்பட்டது. சிங்காரவேலர் உட்படப் பலர் தண்டிக்கப்பட்டுச் சிறைக்குப் போனார்கள்.

ஆக, பொன்மலைக்குப் பிறந்தநாள் என்றால் நாகப்பட்டினத்துக்கு அது வேறு நாள். ஒரு ஊரில் தோரணம் கட்டும்போது இன்னொரு ஊரில் கதவு சாத்தியிருக்கிறது. ஆண்டு விழா மலர்களில் முதல் பாதிதான் அச்சாகும். "இந்த ஆண்டில் நிறுவப்பட்டது, இத்தனை ஏக்கர், இத்தனை எஞ்சின்" என்று இருக்கும். இரண்டாவது பாதியைத் தாத்தா பாட்டிகள்தான் சொல்ல வேண்டும்.

பொன்மலையில் இன்னொரு நாளும் உண்டு. அதை நிர்வாகம் ஏற்படுத்தவில்லை, தொழிலாளிகளே ஏற்படுத்திக்கொண்டார்கள். 1946-இல், சுதந்திரத்துக்கு ஒரு வருஷம் முன்னால், தென்னிந்திய ரயில்வேயில் மறுபடியும் வேலைநிறுத்தம். அனந்தன் நம்பியார், எம். கல்யாணசுந்தரம் போன்றவர்கள் தலைவர்களாக இருந்த காலம். செப்டம்பர் 5-ஆம் தேதி பொன்மலை சங்கத் திடலில் கூடியிருந்தவர்கள் மீது மலபார் சிறப்புப் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஐந்து தொழிலாளிகள் இறந்தார்கள். அன்றிலிருந்து செப்டம்பர் 5 பொன்மலையில் தியாகிகள் தினம். நாடு முழுக்க அது ஆசிரியர் தினமாக ஆனது பின்னால்தான். எங்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்குப் பூ கொடுத்துவிட்டு வெளியே வந்தால் தெருவில் சிவப்புக் கொடி ஊர்வலம் போகும். ஒரே நாளில் இரண்டு மரியாதை.

என் அப்பா 1946-க்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர். அவருக்கே அது கேட்ட கதைதான். கட்சி ஈடுபாடும் பெரிதாகக் கிடையாது. ஆனாலும் அன்றைக்கு சங்கத் திடலுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவார். "நாம பாக்காத தாத்தாவுக்குத் திதி குடுக்கறதில்லையா, அது மாதிரி" என்பார்.

காரைக்கால் பக்கத்தில் 1931-இல் பிறந்து, தாயோடு பொன்மலைக்கு வந்த ஒரு சிறுமியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாய் லட்சுமி அம்மாள் ரயில்வேத் தொழிலாளிகளுக்குச் சமைத்துப் போட்டுப் பிழைத்தார். அங்கே சாப்பிட வந்தவர்கள் பேசியதைக் கேட்டே அந்தப் பெண் வளர்ந்தாள். ஊர் அவளைப் 'பொன்மலை பாப்பா' என்றது. பின்னாளில் தமிழ்நாடே அறிந்த பாப்பா உமாநாத் அவர்தான். 2010-இல் மறைந்தார். அவர் கொள்கை எல்லாருக்கும் ஒப்ப வேண்டும் என்பதில்லை. ஒரு ஆலை சுவருக்குள்ளே மட்டும் இல்லை, அதற்குச் சோறு போட்ட அடுப்பங்கரையிலும் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

நம் டெல்டாவுக்கு இது புதிதும் அல்ல. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25-இல் 44 பேர் தீயில் மாண்டார்கள். கூலி கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பத்துப் பெண்களும் பிள்ளைகளும்தான் அதில் பெரும்பாலோர். அந்த நாளையும் யாரும் காலண்டரில் சிவப்பில் அச்சடித்துக் கொடுக்கவில்லை. உழைத்தவர்களே வைத்துக்கொண்டார்கள். முதலாளி வைக்கிற விழா ஒரு வகை, தொழிலாளி வைத்துக்கொள்கிற நாள் இன்னொரு வகை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு தொழிற்சாலையின் வயது சரியாகத் தெரியும்.

இவ்வளவு தெரிந்தவன் தன் உத்தியோகத்தில் என்ன செய்தான் என்று தம்பிகள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதைச் சொல்லத்தான் இன்று எழுந்து நிற்கிறேன்.

நான் வேலை பார்த்த ஒரு ஆலைக்கு இருபத்தைந்தாவது ஆண்டு வந்தது. ஆலையின் பெயர் வேண்டாம். விழாப் பொறுப்பு முழுக்க என் தலையில். பந்தல், சீரியல் லைட், நாதஸ்வரம், சிறப்பு விருந்தினர், கம்பெனி முத்திரை போட்ட எவர்சில்வர் டப்பா, மதியம் வடை பாயசத்தோடு சாப்பாடு. இருபத்தைந்து வருஷம் சர்வீஸ் முடித்தவர்களை மேடைக்கு அழைத்து ஆளுக்கொரு கைக்கடிகாரம். மஸ்டர் ரோலைப் பார்த்துப் பட்டியல் எடுத்தேன். ஒரு பெயர் விடாமல், ஒரு இனிஷியல் தப்பாமல் வாசித்தேன். எல்லாரும் கை கொடுத்தார்கள். எனக்கும் பெருமைதான்.

மறுநாள் காலை ஒரு பெரியவர் என் அறை வாசலில் நின்றார். லோடுமேன். அந்த ஆலைக்கு அஸ்திவாரம் தோண்டும்போது கூலியாக வந்தவர். பிறகு மெஷின் இறக்க, பேல் ஏற்ற என்று அங்கேயே தங்கிவிட்டார். எல்லாம் கான்ட்ராக்டில். இருபத்தைந்து வருஷமும் அவர் பெயர் மஸ்டர் ரோலில் ஏறவே இல்லை. விழாவன்று வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். பாஸ் இல்லை என்று கேட்டில் நிறுத்திவிட்டார்கள். வாட்ச்மேனுக்கு அப்படி உத்தரவு போட்டவன் நான்தான்.

"மன்னிச்சுக்குங்க பெரியவரே, லிஸ்ட்ல விட்டுப்போச்சு" என்றேன். அவர் கோபப்படவில்லை. "கடியாரம் எனக்கெதுக்கு சார், எனக்கு மணி பாக்கவே தெரியாது. ரோட்டுல நின்னு மைக்குல கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். பேரையாவது ஒரு தடவ வாசிச்சிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு லாரிக்குப் போய்விட்டார்.

நான் மேலே போய்ச் சொன்னேன். ஒரு சின்ன விழா வைத்து அவரைப் போன்றவர்களுக்கும் மரியாதை செய்யலாம் என்றேன். "சர்வீஸ் இருபத்தஞ்சு வருஷம்னு நாமே மேடையில சொல்லிட்டா, நாளைக்கு நிரந்தரம் கேட்டு கோர்ட்டுக்குப் போவாங்க, அதுக்கு நீங்களே சாட்சி ஆயிடுவீங்க" என்று பதில் வந்தது. 1970-ஆம் ஆண்டு கான்ட்ராக்ட் தொழிலாளர் சட்டத்தை எனக்கே ஒருமுறை விளக்கிச் சொன்னார்கள். சட்டப்படி அவர்கள் பயந்ததில் அர்த்தம் இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்கும் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள், வேலை வேண்டும். இதை நான் நியாயப்படுத்தவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். ஐம்பதாவது ஆண்டில் சரிசெய்துகொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அந்த ஆலைக்கு ஐம்பதாவது ஆண்டு வரவே இல்லை. அதற்குள் மூடிவிட்டார்கள்.

என் அப்பா சொன்ன வார்த்தை எனக்கு உறைத்தது அன்றைக்குத்தான். நம்பர் போய்ப் பேர் வருகிற நாள்தான் ஆலை விழா. நம்பர்கூட இல்லாதவனுக்கு அன்றைக்கும் பேர் வரவில்லை என்றால் அது என்ன விழா?

விழாவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல விழாக்களும் இருக்கின்றன. ஜாம்ஷெட்பூரில் டாடா ஸ்டீல் பொன்விழா கண்டபோது ஊருக்கே ஒரு பெரிய பூங்கா கொடுத்தார்கள். 1958-இல் நேரு திறந்து வைத்தார். ஜூபிலி பார்க் என்று பெயர். கம்பெனியில் வேலை செய்கிறவனும் போகலாம், செய்யாதவனும் போகலாம், கேட்டில் பாஸ் கேட்க மாட்டார்கள். ரயில்வேயில் 1979 முதல் உற்பத்தியோடு இணைந்த போனஸ் கொடுக்கிறார்கள். ஆயுத பூஜை, தசராவை ஒட்டி அது கைக்கு வரும்போது பொன்மலைக் கடைவீதி நிறைந்து வழியும். கையில் காசு வந்தால்தான் தொழிலாளி வீட்டில் விழா. மேடைப் பேச்சு அப்புறம்தான்.

இன்னொரு வகைக் கொண்டாட்டமும் உண்டு. நாட்டின் முக்கியப் பாதைகளிலிருந்து நீராவி எஞ்சின் 1990-களிலேயே விடைபெற்றுவிட்டது. ஆனால் ஊட்டிக்குப் போகும் நீலகிரி மலை ரயிலுக்கு அது வேண்டும். 2021-இல் பொன்மலைத் தொழிலாளர்கள் நிலக்கரியில் ஓடும் நீராவி எஞ்சின் ஒன்றைப் புதிதாகச் செய்து அனுப்பினார்கள். டீசல் எஞ்சின் பார்க்கப் பழகிய கைகள் பாய்லர் கட்டின. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு அப்பாவின் வைஸ் ஞாபகம் வந்தது. ஒரு தலைமுறையின் கைத்தொழிலை அடுத்த தலைமுறை மறக்காமல் செய்துகாட்டுவதைவிடப் பெரிய ஆண்டு விழா எது?

2028-இல் பொன்மலைக்கு நூறு வயது. கட்டாயம் விழா நடக்கும், மலர் வரும். நம் மாணவர்களில் டெல்டா முழுக்க ரயில்வேக் குடும்பத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வரலாற்றுத் துறையோ தமிழ்த் துறையோ, எதில் படித்தாலும் சரி, இப்போதே ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். நாகப்பட்டினத்துக்குப் போங்கள், பொன்மலைக்குப் போங்கள். தாத்தா எந்த ஷாப்பில் இருந்தார், பாட்டி எந்த வீட்டில் இருந்தார், டோக்கன் நம்பர் என்ன என்று கேட்டு எழுதுங்கள். கேன்டீனில் இட்லி சுட்டவர், கக்கூஸ் கழுவியவர், கான்ட்ராக்டில் மண் சுமந்தவர் பெயரையும் எழுதுங்கள். அதிகாரிகள் பட்டியல் ஆபீசில் பத்திரமாக இருக்கும். இவர்கள் பட்டியல் யாரிடமும் இருக்காது. கேட்பதற்கு ஆள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

கடைசியாக, நம் வீட்டுக்கும் ஒரு வார்த்தை. இந்த விழா மலரின் அச்சுப்படியைச் செயலாளர் எனக்குக் காட்டினார். முதல்வர்கள் படம் வரிசையாக இருக்கிறது, சங்கத் தலைவர்கள் படம் இருக்கிறது. நல்லது. நாம் படித்த காலத்தில் ஹாஸ்டலில் ராத்திரி பத்து மணிக்கு வந்தாலும் திட்டிக்கொண்டே ரசம் சூடாக்கிப் போட்ட சமையல்காரர் ஒருவர் இருந்தார். கெமிஸ்ட்ரி லேபில் நாம் பிப்பெட்டை உடைக்கும்போதெல்லாம், வாத்தியாருக்குத் தெரியாமல் வேறு எடுத்துக் கொடுத்த அட்டெண்டர் ஒருவர் இருந்தார். சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு அம்மா இருந்தார். அவர்கள் பெயர் மலரில் இல்லை. வெட்கமாக இருக்கிறது, சமையல்காரர் பெயர் எனக்கே தெரியாது. 'மாஸ்டர்' என்றுதான் மூன்று வருஷமும் கூப்பிட்டேன்.

உங்களில் யாருக்காவது அவர் பெயர் தெரிந்தால், சாப்பிடப் போவதற்கு முன்னால் செயலாளரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். மலர் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. ஒரு பக்கம் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். அடுத்த ஒன்றுகூடலில் அந்தப் பெயர்களை முதலில் வாசிப்போம். நானே வாசிக்கிறேன். ஒரு பெரியவருக்கு நான் பட்ட கடனில் கொஞ்சமாவது அதில் கழியட்டும்.